கிணற்றடியின் மேல் போட்ட பழி

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நீ பிள்ளைத்தாச்சியாய் இருக்கிற உன் மனைவியிடம் சொன்ன ஒரு வார்த்தைதான் உன் அப்பாவாகிய என்னை இதை எழுத வைத்தது. அவள் வாளியை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது, "கிணத்தடிக்குப் போகாதையும். வயித்திலை பிள்ளையோடை அங்கை வழுக்கி விழுந்துதான் அம்மா ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவ" என்றாய். அக்கறையோடுதான் சொன்னாய். அவளும் பயந்துபோய் வாளியைக் கீழே வைத்துவிட்டாள். நான் உனக்கு நாலடி தள்ளிக் கதிரையில் பேப்பரோடு இருந்தேன். உன் அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் நின்று என்னைத்தான் பார்த்தாள். நான் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். பதினான்கு வருடமாக அப்படித்தான் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழவில்லை. அந்தப் பிள்ளையை இழந்ததற்குக் காரணம் மலேரியாக் காய்ச்சல். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான். வந்த காய்ச்சலை மறைத்தவனும் நான். அவள் விழுந்தாள் என்று நாலு பேருக்கு முன்னால் சொன்னவனும் நான்தான். அடுத்த மாதம் நீ வேலை மாற்றம் கிடைத்து முல்லைத்தீவுப் பக்கம் போகிறாய், அவளையும் கூட்டிக்கொண்டு. இன்றைக்கும் காய்ச்சல் ஓயாத பக்கம் அது. பொய்யான காரணத்தை நம்பிக்கொண்டு நீ அங்கே போகக்கூடாது. கிணற்றுக்குப் பயந்துகொண்டு, கடித்துக் காய்ச்சல் பரப்பும் நுளம்பைச் சும்மா விடுகிற வீடாக உன் வீடு இருக்கக்கூடாது. ஆகையால் முழுவதையும் எழுதுகிறேன். வாசித்து முடித்ததும் மருமகளிடம் கொடு. அவளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அப்போது உனக்குப் பத்து வயது. தெல்லிப்பழையில் சின்னம்மா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். எனக்கு ஆனையிறவுக்கு அப்பால், பரந்தன் தாண்டி, வன்னிப் பக்கம் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் இருந்தது. விதைப்புக்கும் களைக்கும் வெட்டுக்கும் போய் வாரக்கணக்கில் வயற்கரையில் போட்ட வாடிக் கொட்டிலில் தங்குவேன். மலேரியா என்ற சொல்லை நாங்கள் பெரியவர்களின் பழங்கதையாகத்தான் கேட்டிருந்தோம். மருந்தடித்து ஒழித்துவிட்டார்கள் என்று எல்லோருக்கும் நிச்சயம். வீடுகளுக்கு மருந்தடிக்கிறவர்கள் வருவதும் நின்றுபோயிருந்தது. அந்த நிச்சயத்தில்தான் அது திரும்பி வந்தது. முதலில் பக்கத்து வாடிக்காரனுக்கு, பிறகு எனக்கு.

அந்தக் காய்ச்சலை உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஆளை ஏமாற்றுகிற காய்ச்சல். மத்தியான வெயிலில் திடீரென்று குளிரும். முதுகுத்தண்டுக்குள் இருந்து கிளம்பும் குளிர். சாக்கும் போர்வையும் போட்டு மூடினாலும் பல்லுக் கிடுகிடுக்கும். ஒரு மணித்தியாலம் போனால் உடம்பு அடுப்பாகும், தலை பிளக்கும். பிறகு வேர்த்துக் கொட்டி எல்லாம் விட்டுவிடும். அடுத்த நாள் எழும்பிப் பழஞ்சோறு தின்று வயலுக்கே போகலாம். சுகம் வந்துவிட்டது என்று நம்புவாய். அதற்கடுத்த நாள், ஏறக்குறைய அதே நேரத்துக்கு, அது திரும்ப வந்து நிற்கும். அங்கேயிருந்த சின்ன ஆஸ்பத்திரியின் அப்போதிக்கரி ஐயா இரத்தம் பார்த்துவிட்டு விழுங்கக் குளிசைகள் தந்தார். "நாள் முடியுமட்டும் போட வேணும். சுகம் எண்டு நினைச்சு நிப்பாட்டினால் உள்ளை கிடந்து பிறகு கிளம்பும்" என்று இரண்டு தரம் சொன்னார். நான் மூன்றாம் நாள் நிறுத்திவிட்டேன். வாய் கசந்தது, வயிற்றைப் பிரட்டியது, சுகமாகவும் இருந்தது. மிஞ்சிய குளிசைகளை வாடிக் கூரையின் கிடுகு ஓலைக்குள் செருகிவிட்டு ஊருக்கு வெளிக்கிட்டேன்.

ஊரில் கலியாண வேலை இருந்தது. என் அக்காவான உன் பெரியமாமியின் மகளுக்குக் கலியாணம் பேசி நாளும் வைத்தாயிற்று. என் அக்காவுடையது ஓலை வீடு, எங்களுடையது புதிதாய்க் கட்டிய கல்வீடு. கலியாணத்தை இங்கேயே வைப்பது என்று நான்தான் சொன்னேன். சுவருக்கெல்லாம் வெள்ளை அடித்தேன். அந்த நாட்களில் எனக்கு அந்தக் குளிர் இரண்டு தரம் வந்தது. மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்து எழும்பினேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. என்னைக் கடித்த நுளம்பு இன்னொருவரைக் கடிக்கும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஆனால் அப்போதிக்கரி ஐயா சொன்னது விளங்கியிருந்தது. அதையாவது செய்திருக்கலாம்.

மூன்று நாலு கிழமையில் உன் அம்மா படுத்தாள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

அவளுக்கு இரண்டாம் முறை குளிர் வந்த அன்றைக்குத்தான் இரத்தம் எடுக்கிற தம்பி வந்தான். தோளில் ஒரு துணிப்பை, பழைய சைக்கிள், இருபத்தைந்து வயதிருக்கும். காய்ச்சல்காரர் இருக்கும் வீடுகளைத் தேடிப்போய் விரலில் குத்தி, ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் பூசிக் கொண்டுபோவது அவன் வேலை. வேலிப் படலையடியில் நின்று, "அண்ணை, வீட்டிலை ஆருக்கும் காய்ச்சலோ?" என்றான்.

"இல்லை."

"வன்னிப் பக்கம் போய் வந்தவை ஆரும்?"

"இஞ்சை ஒருத்தரும் போறேல்லை."

அறைக்குள் உன் அம்மா முனகினது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். யன்னலைப் பார்த்தான். "உள்ளை ஆரோ..."

"பல்லுக்கொதி. நோவுக்கு மருந்து வைச்சிருக்கு."

அவன் உடனே போகவில்லை. வெள்ளை அடித்த சுவரையும் பந்தலுக்கென்று குவித்திருந்த கிடுகையும் ஒரு தரம் பார்த்தான். "வியாழன் வியாழன் இந்தப் பக்கம் வருவன். சங்கக்கடையிலை சொல்லிவிட்டாலும் எனக்கு வந்து சேரும்" என்று சொல்லிப் போனான். கலியாண வீட்டில் தொத்துக் காய்ச்சல் என்று பெயர் வந்தால் மாப்பிள்ளை பகுதி என்ன சொல்லும், புதுச் சுவரில் மருந்தடித்துக் கறையாக்குவார்களே, சனம் வருமா என்பதுதான் என் தலைக்குள் ஓடியது. நான் கெட்டவனாக இருந்து அதைச் செய்யவில்லை, தம்பி. ஒரு நல்ல காரியம் குழம்பக்கூடாது என்று நினைத்துத்தான் செய்தேன். பொய் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

வேர்த்து விட்டபிறகு உன் அம்மா கேட்டாள். "ஏன் இல்லையெண்டு சொன்னியள்?"

"கலியாணம் முடியட்டும். இன்னும் பத்துப் பதினொரு நாள்தானே. பனங்கட்டி போட்டு மல்லி அவிச்சுத் தாறன், குடியும்."

"எனக்குப் பயமாக் கிடக்கு. அந்தத் தம்பியைக் கூப்பிடுங்கோ."

நான் கூப்பிடவில்லை. அடுத்த வியாழக்கிழமை அவன் வருகிற நேரம் பார்த்துப் படலையைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, வாழைக்குலை பார்க்கப் போகிறேன் என்று புறப்பட்டேன். அவன் வந்து சைக்கிள் மணியடித்ததையும், திரும்பிப் போனதையும், அவள் கட்டிலில் கிடந்தபடி கேட்டிருக்கிறாள். எழும்பிப் படலைக்கு வர அவளுக்குத் தென்பு இல்லை.

கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்க, காய்ச்சல் விட்டிருந்த ஒரு முற்பகலில், அவள் பாத்திரம் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். தலை சுற்றவே கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தி நிலத்தில் இருந்தாள். நான் என் கண்ணால் கண்டேன். இருந்தாள், விழவில்லை. அக்கா ஓடிவந்து தூக்கினா. மத்தியானத்துக்குள் வலி தொடங்கிவிட்டது. கார் பிடித்துச் சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்த டொக்டர் ஒரு பெண்மணி. உன் அம்மாவின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளாய்க் காய்ச்சல்?" என்று என்னைக் கேட்டா.

"ரண்டு நாளாய்" என்றேன்.

பேசச் சக்தியில்லாமல் கிடந்தவள் கண்ணைத் திறந்தாள். "பன்ரண்டு நாள், டொக்டர். ஒண்டைவிட்ட ஒருநாள்" என்றாள். டொக்டர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தா. நான் சொன்ன இரண்டு நாளை நம்பியிருந்தால் உன் அம்மாவும் மிஞ்சியிருக்க மாட்டாள். தன் உயிரை அவள் அந்த ஒரு வசனத்தால் தானே பிடித்துக்கொண்டாள். பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. பெண் பிள்ளை. நஞ்சுக்கொடிக்குள் மலேரியாக் கிருமி நிறைந்தால் பிள்ளைக்குப் போகவேண்டியது போகாது என்று டொக்டர் பிறகு சொன்னா. "முதல் கிழமையிலை கொண்டு வந்திருந்தால்" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து, அந்த வசனத்தை முடிக்காமல் விட்டுவிட்டா.

நான் வீட்டுக்கு வந்தபோது முற்றம் நிறையச் சனம். அக்கா அழுதுகொண்டு சொன்னா: "வெயில் ஏறின நேரத்திலை தலையை விரிச்சுப்போட்டுக் கிணத்தடியிலை போய் வழுக்கி விழுந்தால் வேறென்ன நடக்கும்? சொன்னால் கேக்கிறவளே?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். குறைந்தது வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். நான் சொன்னேன், "ஓம். வழுக்கிப்போட்டுது." அவ்வளவுதான். பிள்ளை செத்த வீட்டில் கூடாதென்று கலியாணத்தை மாப்பிள்ளை வீட்டுப் பக்கக் கோயிலுக்கு மாற்றி அதே முகூர்த்தத்தில் நடத்தினோம். நான் வேட்டி கட்டிக்கொண்டு முன்னுக்கு நின்றேன். உன் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள்.

பிறகு நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல எனக்கு அதிகம் கூச்சமாக இருக்கிறது. நல்ல காரியங்களுக்கு அவளைக் கூப்பிடுவார்கள், ஆனால் முன்னுக்கு வா என்று சொல்லமாட்டார்கள். மணமக்களை வாழ்த்தி அறுகரிசி போட ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிடும்போது அவளைத் தாண்டிவிடுவார்கள். கவனமில்லாமல் பிள்ளையைக் கொன்றவள் என்று வாய்விட்டு ஒருவரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவளும் பதில் சொல்லியிருப்பாள். இத்தனை வருடத்தில் ஒருநாளாவது அவள் சொந்தக்காரரிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதைப் பெருமையாக எடுக்காதே. நான் வாய் திறக்கிறேனா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் கிழமை, வியாழக்கிழமை, படலையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். இரத்தம் எடுக்கிற தம்பி வந்ததும் விறாந்தைக்குக் கூப்பிட்டு இருத்தினாள். நான் பக்கத்தில் நிற்க, ஒன்றும் விடாமல் சொன்னாள்: இவர் வன்னியிலிருந்து காய்ச்சலோடு வந்தார், பிறகு எனக்கு வந்தது, பிள்ளை போய்விட்டது. அவன் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினான், வெளியே ஒருவருக்கும் சொல்லவில்லை. அன்றைக்கே எங்கள் ஒழுங்கையின் எல்லா வீட்டுக்கும் போய் இரத்தம் எடுத்தான். ஐந்து பேருக்கு இருந்தது. எங்கள் வேலிக்கு அடுத்த வீட்டு வண்டிக்காரரின் மனைவிக்கும் இருந்தது. அவவும் பிள்ளைத்தாச்சி, நாலாம் மாதம். நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனதால் அவவின் பிள்ளை தங்கியது. அந்தப் பிள்ளைதான் இப்போது எங்கள் வீட்டு வளவுக்கூடாக வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடம் போகிற ராணி. அவளைக் காணும்போதெல்லாம் என் பிள்ளைக்கும் அதே வயதென்று எனக்குத் தெரியும்.

"எனக்கும் இதைப் பழக்கிவிடும், தம்பி. நீர் கிழமைக்கு ஒருக்கா வாறீர். காய்ச்சல் வியாழக்கிழமை பாத்தே வருது?" என்று உன் அம்மா அவனிடம் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அவன் போனபிறகு சொன்னேன். "ஒரு பொம்பிளை வீடு வீடாய்ப் போய் ஆரின்ரையோ விரலைப் பிடிச்சுக் குத்துறதோ? சனம் என்ன சொல்லும்?"

"நீங்கள் சொன்ன பொய் வீடு வீடாய்ப் போயிட்டுது. நான் அதுக்குப் பின்னாலை போறன்" என்றாள்.

அவள் பழகினாள். விரலின் பக்கவாட்டில் குத்துவதும், துளியை மெல்லப் பரத்துவதும், கண்ணாடித் துண்டில் பெயர் எழுதி நிழலில் காயவைப்பதும், பெட்டியில் அடுக்கி அவனிடம் கொடுப்பதும். அவனோடு போய்ப் பாழ் கிணறுகளையும் வயல் பள்ளங்களையும் பார்த்தாள். தெளிந்த தண்ணீரில் தலைகீழாகத் தொங்காமல், மேல்மட்டத்தோடு கிடையாகப் படுத்திருக்கிற புழுதான் அந்த நுளம்பின் புழு என்று எனக்கு அகப்பையில் அள்ளிக் காட்டினாள். முதலில் சனம் அவளிடம் வரவில்லை. பிள்ளை தங்காத கை என்று ஒருத்தி படலைக்குள்ளும் விடவில்லை. உன் அம்மா அடுத்த நாளும் அதே படலையில் போய் நின்றாள். அதற்கடுத்த நாளும் நின்றாள். நாலாம் நாள் அந்த வீட்டுக்காரிக்கே குளிர் வந்து, அவளாகவே விரலை நீட்டினாள்.

குளிசை விஷயத்தில் உன் அம்மா ஒருவரையும் நம்பமாட்டாள். தோட்டக்காரக் கந்தையர் கசக்கிறதென்று குளிசையைக் கன்னக் கொடுப்புக்குள் ஒதுக்கி வைத்துத் துப்புகிறவர். அவர் தண்ணீர் குடித்த பிறகு, "அண்ணை, இந்தமுறை மிளகாய்க்கண்டு எப்பிடி?" என்று கேட்பாள். வாய் திறந்து பதில் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே நிற்பாள். மிளகாய்க்கன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்த மனிசனுக்குக் குளிசையைக் கொடுப்புக்குள் வைத்திருக்க ஏலாது. விழுங்கத்தான் வேண்டும்.

எனக்கும் அந்தக் காய்ச்சல் மறுபடி கிளம்பியது. அவள் என் விரலைப் பிடித்துக் குத்தினாள். நாள் தவறாமல் காலையில் சாப்பிட்ட பிறகு குளிசையும் தண்ணீரும் கொண்டுவந்து முன்னால் நின்றாள். கடைசிக் குளிசையை விழுங்கிய அன்றைக்கு நான் அழுதுவிட்டேன். "என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன். அவள் செம்பை வாங்கிக்கொண்டு, "எனக்குச் சொல்லி என்ன? எனக்குத் தெரியாததே? தெரியாத ஆக்களுக்குச் சொல்லுங்கோ" என்றாள். நான் சொல்லவில்லை. சொல்லாமல் பதினான்கு வருடம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை உன் வாயிலிருந்து அந்தப் பொய் அப்படியே திரும்பி வந்தபோதுதான், அது என்னோடு சாகப்போவதில்லை, உன் பிள்ளைகளிடமும் போகப்போகிறது என்று கண்டேன்.

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி அக்காவிடம் போனேன். சொன்னேன். அவ மடித்த வெற்றிலையைத் திரும்பத் தட்டத்தில் வைத்தா. பிறகு, "உனக்கு இப்பதான் நேரம் கிடைச்சதோ?" என்று கேட்டா. "என்ரை பிள்ளையின்ரை கலியாணத்துக்காகவோடா அவளைக் கிடக்க விட்டனி? என்னட்டை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நாளைத் தள்ளி வைச்சிருப்பனே!" கலியாணம் குழம்பிவிடும் என்று நான் பயந்தேனே தவிர, குழம்பினால் என்ன என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. அடுத்த நாள் அக்கா வந்தா. குசினிக்குள் இருவரும் நெடுநேரம் இருந்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்கு எழுதமாட்டேன். போகும்போது அக்காவின் கண் சிவந்திருந்தது. உன் அம்மா படலைவரை போய் வழியனுப்பினாள்.

இனி உனக்குச் சொல்வதைச் சொல்கிறேன். அங்கே போனதும் முதலில் ஆஸ்பத்திரி எங்கே, இரத்தம் பார்க்கிற இடம் எங்கே என்று அறி. வீட்டைச் சுற்றிக் கிடக்கிற தண்ணீரைப் பார். பின்னேரமே வலையைக் கட்டு. மருந்தடிக்கிறவர்கள் வந்தால் சாமியறையையும் திறந்துவிடு. மருமகளுக்கு உடம்பு சுட்டால், அடுத்த நாள் விட்டுவிட்டாலும், அன்றைக்கே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. பிள்ளைத்தாச்சிக்கு எல்லாக் குளிசையும் ஆகாது, ஆனபடியால் கைமருந்தும் பக்கத்து வீட்டுக் குளிசையும் வேண்டாம். உனக்கு வந்தால் கடைசிக் குளிசைவரை விழுங்கு. இதெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் மட்டும் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அவளுக்கு எத்தனை நாள் காய்ச்சல் என்று யாராவது கேட்டால், நீ பதில் சொல்லாதே. அவளைச் சொல்ல விடு. அவள் பயமாக இருக்கிறது என்று சொன்னால், அந்த நேரம் உன் வீட்டில் கலியாணமே நடந்தாலும் எழும்பு. பிழை விட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தால் அந்தப் பாரத்தை இன்னொருவர் சுமக்கத் தொடங்கிவிடுவார்.

இவ்வளவையும் நேற்றுப் பின்னேரம் உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டே கேட்டாள். கந்தையரின் இடம் வந்தபோது சிரித்தாள். வாசித்து முடித்த பிறகு கையை நிறுத்திவிட்டு, "எனக்கு அந்தப் பிள்ளையைக் காட்டேல்லை. நான் மயக்கத்திலை கிடந்தனான். நீங்கள் பாத்தனீங்கள்தானே? எப்பிடி இருந்தது?" என்று கேட்டாள். பதினான்கு வருடத்தில் முதல்தரம் கேட்டாள்.

நான் சொன்னேன். நிறையத் தலைமயிர், ஈரத்தில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. விரல்கள் நீளம். இடக்காதின் மேல்நுனி உள்ளுக்கு மடிந்திருந்தது. நித்திரை கொள்கிற மாதிரித்தான் இருந்தாள்.

அவள் அழவில்லை. முறத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இதையும் எழுதுங்கோ. தனக்கு ஒரு தங்கச்சி இருந்தவள் எண்டு அவனுக்குத் தெரியவேணும்" என்றாள்.

எழுதிவிட்டேன்.

அப்பா